எருமை உக்காந்த சபை

ஒரு காலத்துல, எந்தக் காலம்னு கேக்காதீங்க, நானே பொறக்காத காலம், ஏழுமடையூர்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்கு மேக்கால பெரிய ஏரி, ஏரியிலேர்ந்து ஒரு வாய்க்கா, வாய்க்காலு நெடுக ஏழு மடை. முதல் மடைக்காரங்க வயலுக்குத் தண்ணி பாய்ஞ்சுதான் ரெண்டாவது மடைக்கு வரும், ரெண்டுல பாய்ஞ்சு மூணுக்கு வரும், அப்படியே வந்து வந்து ஏழாவதுக்கு வரணும். ஏழாவதுக்குப் பேரு கடைமடை. அங்க இருக்கிற சனத்துக்குத் தண்ணியோட சத்தம் மட்டும்தான் கேக்கும், அதுவும் காத்து அந்தப் பக்கம் அடிச்சா.

எந்த மடையை எத்தனை நாளு தொறக்கணும், யாரு எவ்வளவு வரி கட்டணும், ஏரியில யாரு மீன் பிடிக்கலாம், எல்லாத்தையும் முடிவு பண்றது ஊர்ச் சபை. மடைக்கு ஒரு ஆளுன்னு ஏழு பேரு. ஊரு கூடி ஒரு ஆளுக்கு மாலை போடும், மாலை விழுந்த ஆளு போயி சபையில மெத்தை மேல உக்காருவான். இலவம்பஞ்சு மெத்தை. உக்காந்தா அப்படியே உள்ள வாங்கிக்கும்.

சபை ஒரு சட்டம் போட்டா அது அப்பவே சட்டம் ஆயிடாது. தமுக்குக்காரன் சந்தைக்கு வந்து டமடமன்னு அடிச்சு, சட்டம் இன்னதுன்னு கத்திச் சொல்லுவான். சந்தையில நிக்கிற சனம் "கேட்டோம்"னு பதில் குடுக்கணும். குடுத்தாத்தான் சட்டம். அந்தக் காலத்துப் பெரியவங்க யாரோ புத்தியா வச்ச வழக்கம். ஆனா சனம் எப்படிப் பதில் குடுக்கும் தெரியுமா? கத்திரிக்கா சொத்தையான்னு திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே "கேட்டோம்". புள்ளைக்கு மூக்கைச் சிந்தி விட்டுக்கிட்டே "கேட்டோம்". பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுறதுக்கு நடுவுல மூச்சு வாங்குறப்ப "கேட்டோம்". என்ன சட்டம்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

முதல் மடைக்கு வீரபாகுன்னு ஒருத்தன் சபைக்காரன். அவன்தான் சபைக்கே தலைவன். பெரிய கரும்புத் தோட்டம் வச்சிருந்தான். உக்காந்த புதுசுல நல்லாத்தான் இருந்தான், அதையும் சொல்லணும்ல. மெத்தை சொகம் கண்டதும் ஒரு நாள் தமுக்கு அடிக்கச் சொன்னான். தமுக்குக்காரன் என்ன சொன்னான் தெரியுமா?

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னன்னா, சபையில உக்காந்ததை யாரும் எழுப்பக் கூடாது. தானா எந்திரிச்சாத்தான் எடம் காலி. எழுப்புறவங்க ஊரை விட்டே போயிடணும். உக்காந்திருக்கிறதுக்கு வேணுங்கிறது எல்லாத்தையும் ஊரு கொண்டாந்து குடுக்கணும், டோய்."

ஊரும் "கேட்டோம்"னு சொல்லிடுச்சு. அன்னைக்கு சந்தையில மாம்பழம் ரொம்ப மலிவு.

அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து ஏழு பேரும் எந்திரிக்கவே இல்லை. மெத்தையிலயே சாப்பாடு, மெத்தையிலயே தூக்கம், மெத்தையிலயே சவரம். வெளிக்கு எப்படிப் போவாங்கன்னு கேக்கத்தானே வாயைத் தொறக்கிற? மெத்தையோட தூக்கிட்டுப் போவாங்கடா, நாலு ஆளு. போயிட்டு மெத்தையோட கொண்டாந்து வைப்பாங்க. சிரிக்காதே, கதையைக் கேளு.

வீரபாகுவோட கரும்புக்கு வருசம் பூரா தண்ணி. மத்த மடைக்கு மிச்சம் மீதி. கடைமடைக்கு ஒண்ணுமே இல்லை.

கடைமடையில மூக்காயி மூக்காயின்னு ஒருத்தி இருந்தா. வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். அவகிட்ட ஒரு எருமை இருந்துச்சு, பேரு சிங்காரி. குதிர்ல அடியில தட்டுன மாதிரி கொஞ்சூண்டு விதைநெல் இருந்துச்சு. பசிச்சப்பக்கூட அதுல கை வைக்கல, ஒரு வருசம் தண்ணி வந்தா விதைக்கணும்னு வச்சிருந்தா. கடைமடை சனமெல்லாம் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தாங்க, இந்த ஆடியிலயும் தண்ணி வரலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிடுறதுன்னு. மூக்காயிக்குப் போக மனசில்லை. பொறந்த மண்ணு, அவ என்ன பண்ணுவா?

அவங்க ஒண்ணும் சும்மா இருக்கல, முன்னாடியே மூணு தடவை முட்டிப் பாத்தாங்க.

முதல்ல சபைக்கே போனாங்க. "ஐயா, உக்காந்தது போதும், கொஞ்சம் எந்திரிச்சு வேற ஆளுக்கு எடம் விடுங்க, அப்படி ஒரு சட்டம் போடுங்க"ன்னாங்க. வீரபாகு, "சட்டம் போடுறது யாரு? நாங்க. எங்களை எந்திரிக்கச் சொல்லி நாங்களே போடுவோமா? நீயா இருந்தா போடுவியா?"ன்னு கேட்டான். கேட்டுட்டு ஏழு பேரும் மெத்தை குலுங்கக் குலுங்கச் சிரிச்சாங்க.

ரெண்டாவதா ராசாகிட்ட போனாங்க. ராசா பல்லாங்குழி ஆடிக்கிட்டிருந்தாரு. "பாவம்தான் நீங்க. ஆனா உங்க ஊருக்குச் சட்டம் போடுறது உங்க சபை. நான் முத்திரை குத்துறவன். சபை போட்டு, ஊரு கேட்டோம்னு சொல்லி எங்கிட்ட வரட்டும், இந்தக் கையால குத்துறேன்"னு சொல்லிட்டுச் சோழியை அள்ளிக்கிட்டாரு.

மூணாவதா ஒரு வழி பண்ணாங்க. கடைமடைச் சபைக்காரர் ரொம்ப வயசாகிச் செத்துப் போனாரு. எடம் காலி. நம்மள்லயே நல்ல ஆளா ஒருத்தரை அனுப்புவோம்னு, யாரை அனுப்புனாங்கன்னு நெனைக்கிறீங்க? மூக்காயி புருசன் சடையாண்டியை. அப்புராணி. கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணான், "தண்ணியை வாங்கிக் குடுத்துட்டு மறுநிமிசம் எந்திரிச்சு வந்துடுவேன்"னு. எல்லாரும் கண்ணுல தண்ணியோட மாலை போட்டாங்க. போனான், உக்காந்தான், மெத்தை உள்ள வாங்குச்சு.

மூக்காயி கூழு கொண்டுக்கிட்டுப் போயி, "மாமா, தண்ணி கேட்டீங்களா?"ன்னா.

"இரு புள்ள, இப்பத்தானே வந்திருக்கேன். பழக்கம் பிடிக்கட்டும்."

மறுவருசம் போயி, "மாமா, தண்ணி கேட்டீங்களா?"ன்னா.

"கேக்குற நேரம் பாத்துத்தான் கேக்கணும் புள்ள. உனக்கு இதெல்லாம் புரியாது."

அதுக்கும் மறுவருசம் போனா அவன் திரும்பிக்கூடப் பாக்கல. "கூழு வேணாம், இங்க நெய்ச்சோறு போடுறாங்க"ன்னுட்டான். மூக்காயிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வர்ற வழியெல்லாம் எருமைகிட்ட சொல்லிச் சொல்லி அழுதா. "இவரு கெட்டவரு இல்லை சிங்காரி, எனக்குத் தெரியும். அந்த மெத்தையில யாரு உக்காந்தாலும் இப்படித்தான் ஆவாங்க போலிருக்கு. ஆளை மாத்தி ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா. சிங்காரி காதை ஆட்டுச்சு. அதுக்கு ஈ.

இப்படி இருக்கையில, ஒரு நாள் என்ன ஆச்சு தெரியுமா? வீரபாகுவுக்குப் பக்கத்து மெத்தையில மூணாவது மடைக் கொண்டையன்னு ஒருத்தர். அவருக்கு மூக்குப்பொடி போடுற பழக்கம். அன்னைக்குக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டாரு. "அச்ச்சூ"ன்னு ஒரு தும்மல், ஆளு மெத்தையை விட்டு ஒரு சாண் எழும்பி மறுபடி விழுந்தாரு. வீரபாகுவுக்கு ரொம்ப நாளா தன் மச்சான் பொன்னுரங்கத்தை உள்ள கொண்டாரணும்னு ஆசை. உடனே கையைத் தட்டி, "எந்திரிச்சுட்டான், எந்திரிச்சுட்டான், எல்லாரும் பாத்தீங்கல்ல?"ன்னான்.

"தும்முனேங்க," அப்படின்னாரு கொண்டையன்.

"தும்முனாலும் எந்திரிச்சது எந்திரிச்சதுதான். எடம் காலி. நடையைக் கட்டு."

மாலை போடுறதுக்கு நாள் குறிச்சாச்சு. மாலையைக் கையில வச்சிருந்து போடுறது மடைக்கு ஒரு தடவைன்னு முறை, இந்தத் தடவை கடைமடை முறை, அதனால மாலை மூக்காயி கையில. ஊரு பூரா வாசல்ல நிக்குது. பொன்னுரங்கம் பட்டு வேட்டி, சந்தனம், காதுல கடுக்கன்னு வந்தான். வந்தவன் நேரா உள்ள போயி உக்கார வேண்டியதுதானே? போகல. வாசப்படியில நின்னு, "ராகுகாலம் முடியட்டும், அப்புறம் உக்காருறேன்"னுட்டான். வாழ்நாள் பூரா உக்காரப் போறவன் இல்லையா, நல்ல நேரம் பாக்க வேண்டாமா?

நல்ல சித்திரை வெயில். ராகுகாலம் நகரவே மாட்டேங்குது. மூக்காயி பின்னாடியே வந்த சிங்காரி வெயில் தாங்காம அங்க பாத்துச்சு, இங்க பாத்துச்சு, சபைக்கு உள்ள பாத்துச்சு. சுண்ணாம்புத் தரை, சில்லுன்னு நிழல், மேல விசிறி ஆடுது, ஒரு மெத்தை வேற காலியா இருக்கு. மெதுவா உள்ள போச்சு. முன்னங்காலை மடிச்சுது, பின்னங்காலை மடிச்சுது, "ஹ்ம்ம்"னு ஒரு மூச்சு விட்டு மெத்தையில உக்காந்துடுச்சு.

மூக்காயி பாத்தா. வாசல்ல பொன்னுரங்கம் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறான், உள்ள சிங்காரி மெத்தையில உக்காந்திருக்கு, மாலை தன் கையில இருக்கு. அவளுக்குக் குபீர்னு சிரிப்பு வந்துச்சு. விறுவிறுன்னு உள்ள போயி எருமை கழுத்துல மாலையைப் போட்டுட்டா. போட்டுட்டுத் திரும்பி, "ஊருக்குச் சம்மதமா?"ன்னா. ஊருக்கும் சிரிப்பு. "சம்மதம், சம்மதம், சம்மதம்"னு எல்லாரும் கத்துனாங்க. அதுக்குள்ள சிங்காரி பாதி மாலையைத் தின்னுடுச்சு. மிச்சப் பாதி கழுத்துல இருந்துச்சு, அது போதும்.

வீரபாகு மூஞ்சி கறுத்துப் போச்சு. "டேய், அந்தக் கழுதையை எழுப்புங்கடா"ன்னான்.

"எருமைங்க," அப்படின்னான் சடையாண்டி பக்கத்துலேர்ந்து.

"எதுவா இருந்தா என்ன, எழுப்புங்கடா."

மூக்காயி இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "எழுப்புங்க, தாராளமா எழுப்புங்க. எழுப்புறவங்க ஊரை விட்டே போகணும். நீங்க போட்ட சட்டம். யாரு போறீங்க?"ன்னா. ஒருத்தனும் கிட்ட வரல. வீரபாகு எந்திரிச்சுப் போயி விரட்டலாம்னா, எந்திரிச்சா அவன் எடமே போயிடும்.

பொன்னுரங்கத்தை ராசாகிட்ட ஓட விட்டாங்க. ராசா கதையைக் கேட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "ஊரு மாலை போட்டுச்சா? போட்டுச்சு. மெத்தையில உக்காந்துச்சா? உக்காந்துச்சு. எழுப்பக் கூடாதுன்னு உங்க மச்சானே சட்டம் போட்டு நான் முத்திரை குத்தியிருக்கேன். இனிமே அது எருமை இல்லப்பா, சபைக்காரர். போகும்போது நான் விசாரிச்சேன்னு சொல்லு"ன்னு அனுப்பி வச்சுட்டாரு.

அப்புறம் சபை நடந்த லட்சணத்தைக் கேளுங்க. வீரபாகு கனைச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிப்பான், சிங்காரி வாலை ஒரு வீசு வீசும், நேரா அவன் கன்னத்துல பளார்னு விழும். மறுபடி ஆரம்பிப்பான், சிங்காரி நாக்கை நீட்டி அவன் மொட்டைத் தலையை ஒரு நக்கு நக்கும். உப்பா இருக்குமில்ல. மூணாவது தடவை ஆரம்பிப்பான், சிங்காரி... சொல்ல வேணாம், மெத்தை பக்கத்துல பச்சையா விழும். நகரலாம்னா எந்திரிக்கணும். எந்திரிச்சா எடம் போச்சு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

உக்காந்திருக்கிறதுக்கு வேணுங்கிறதை ஊரு கொண்டாந்து குடுக்கணும்னு சட்டம் இருக்கே. எருமைக்கு என்ன வேணும்? புல்லு வேணும், புண்ணாக்கு வேணும், சேறு வேணும். குளத்துச் சேத்தைக் குடம் குடமா கொண்டாந்து கடைமடைச் சனம் அதும் மேல ஊத்துனாங்க. சிங்காரி சொகமா உடம்பை உதறும். ஏழு மெத்தையும் சேறு. பட்டுத் தலைகாணியெல்லாம் சேறு. எருமை அத்தனை நாளும் எந்திரிக்காதான்னு கேக்குறியா? ஏன் எந்திரிக்கணும், நீயே சொல்லு. புல்லு வாய்க்கு வருது, சேறு முதுகுக்கு வருது. மனுசனே எந்திரிக்கல.

வீரபாகு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு சட்டம் போட்டான். தமுக்குக்காரன் சந்தைக்கு வந்தான். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னன்னா, இன்னையிலேர்ந்து எருமை சபையில உக்காரக் கூடாது, டோய்."

அன்னைக்கு மூக்காயி என்ன பண்ணியிருந்தா தெரியுமா? என் எருமை சபைக்காரராச்சேன்னு ஊருக்கே கமர்கட்டு குடுத்திருந்தா. நல்ல கெட்டிப் பாகு, கையில பிடிச்சா கல்லு மாதிரி. ஆளுக்கு ஒண்ணு வாயில போட்டிருந்தாங்க. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கிச்சு. தமுக்குக்காரன் நிக்கிறான், பதில் வரல. இன்னொரு தடவை அடிச்சான், "ம்ம்ம்"னு ஒரு சத்தம். மூணாவது தடவை அடிச்சான், "ம்ம்ம், ம்ம்ம்"னு தாடையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் குதிக்கிறாங்க. தமுக்குக்காரன் திரும்பிப் போயி, "ஊரு கேட்டோம்னு சொல்லலைங்க"ன்னான். சட்டம் விழுந்து போச்சு.

மூக்காயி ஒரு வழியா கமர்கட்டைக் கரைச்சு முழுங்கிட்டு, அப்படியே சந்தையில குந்திட்டா.

"ஏன்டி, என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க.

"நாம வாயைத் தொறக்கலைன்னா சட்டமே இல்லையா? அப்ப எழுப்பக் கூடாதுன்னு சட்டம் போட்டது அவங்க இல்லை. நாமதான். மாம்பழத்தை மோந்து பாத்துக்கிட்டே நாமதான் போட்டிருக்கோம்"னா.

கொஞ்ச நேரம் அவங்களுக்கே வெக்கமா இருந்துச்சு. அப்புறம் கோவம் வந்துச்சு. அப்புறம் யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க, அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. கையில இத்தனை நாளா சாவியை வச்சுக்கிட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கோமேன்னு ஒருத்தரை ஒருத்தர் முதுகுல அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

வீரபாகு ரெண்டாவது சட்டம் போட்டான். "நாலு காலும் ரெண்டு கொம்பும் இருக்கிற யாரும் சபையில உக்காரக் கூடாது, டோய்." இந்தத் தடவை கமர்கட்டு இல்லை. ஆனாலும் ஒரு வாயும் தொறக்கல. கத்திரிக்கா வாங்குறவ கத்திரிக்காயைக் கீழ வச்சுட்டு, வாயைக் கையால பொத்திக்கிட்டு நின்னா. தமுக்குக்காரனே பாதி சிரிப்போட திரும்பிப் போனான்.

வீரபாகு மூக்காயியைக் கூப்பிட்டு விட்டான். அன்னைக்குத்தான் சிங்காரி அவன் தலைப்பாகையைத் தின்னு முடிச்சிருந்துச்சு.

"ஏ மூக்காயி, உனக்கு என்னதான் வேணும்? உன் எருமையைக் கூட்டிக்கிட்டுப் போயிடு. பொன்னு வேணுமா, நெலம் வேணுமா?"

"எனக்கு அதெல்லாம் வேணாங்க. எருமைக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? எத்தனை காலு இருந்தாலும் சரி, ஆடிப்பெருக்கு அன்னைக்கு எல்லாரும் எந்திரிக்கணும்னு போடுங்க. ஊரு வாயைத் தொறக்கும்."

"நாங்களும் எந்திரிக்கணுமா?"

"நீங்களும்தான்."

வீரபாகு யோசிச்சான். ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாளு இருக்கு. எந்திரிச்சா என்ன, மறுநிமிசம் மாலை போடச் சொல்லி உக்காந்துக்கலாம். அப்படி நெனைச்சவனுக்கு உடனே ஒரு பயம் வந்துடுச்சு. இந்தச் சனம் மறுபடி எருமைக்கே மாலை போட்டுட்டா? அப்ப அவனே என்ன பண்ணான் தெரியுமா? அவனே, தன் வாயாலயே, "ஒரு தடவை உக்காந்தது மறுதடவை உக்காரக் கூடாது, அதையும் சேத்துக்கோ"ன்னான். மூக்காயி வாயை இறுக்கி மூடிக்கிட்டா, சிரிப்பு வெளிய வந்துடப் போகுதுன்னு.

"எல்லாருக்கும் சம்மதமா?"ன்னு சபையைக் கேட்டான். முதல்ல தலையாட்டுனது சடையாண்டி. ஆட்டிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்க அவனுக்குக் கூச்சமா இருந்துச்சு.

மூணாவது தடவையா தமுக்கு வந்துச்சு. "எத்தனை காலு இருந்தாலும் ஆடிப்பெருக்கு அன்னைக்குச் சபையில இருக்கிற எல்லாரும் எந்திரிக்கணும், ஒரு தடவை உக்காந்தது மறுதடவை உக்காரக் கூடாது, டோய்." அவன் சொல்லி வாயை மூடல, "கேட்டோம்"னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, ஏரிக்கரை ஆலமரத்துல இருந்த வௌவாலெல்லாம் பறந்துடுச்சு. ராசா அன்னைக்கே முத்திரை குத்திட்டாரு.

அன்னைக்குப் படுத்தப்பதான் வீரபாகுவுக்கு உறைச்சுது, தானும் ஒரு தடவை உக்காந்தவன்தானேன்னு. பதறிப் போயி மறுநாளே இன்னொரு தமுக்கு, "ஆடிப்பெருக்குச் சட்டம் செல்லாது, டோய்." சந்தை கல்லாட்டம் நிக்குது. ஒரு நாய் மட்டும் குரைச்சுது. கைக்குழந்தை ஒண்ணு "ங்ஙா"ன்னுச்சு. தமுக்குக்காரன் வந்து சொன்னதும், "அந்தக் கொழந்தை சொன்னதைக் கேட்டோம்னு எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டானாம் வீரபாகு. பாவி மனுசன்.

ஆடிப்பெருக்கு வந்துச்சு. ஏரி நொப்பும் நொரையுமா நெறைஞ்சு நிக்குது. ஊரு பூரா மஞ்சளும் காப்பரிசியும் எடுத்துக்கிட்டுக் கரைக்குக் கிளம்புச்சு. போற வழியில சபை வாசல்ல நின்னாங்க. முதல்ல எந்திரிச்சது யாரு சொல்லுங்க? சிங்காரி. தண்ணி வாசம் வந்துச்சோ இல்லையோ, முன்னங்காலை ஊணுச்சு, பின்னங்காலை ஊணுச்சு, யாரும் சொல்லாமயே எந்திரிச்சுக் குடுகுடுன்னு ஏரிக்கு ஓடிப் போச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சாங்க. சடையாண்டிக்குக் காலு நிக்கல, தள்ளாடித் தள்ளாடி மூக்காயி தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். "தப்புப் பண்ணிட்டேன் புள்ள"ன்னான். "பண்ணீங்கதான். வாங்க, நடந்து பழகுங்க"ன்னு சொல்லிட்டு அவ தோளைக் குடுத்தா.

வீரபாகு மட்டும் எந்திரிக்கல. "என்னை எழுப்பிப் பாருங்கடா"ன்னான்.

"உங்களை யாரும் எழுப்பல. நீங்க சௌகரியமா இருங்க. நாங்க ஏரிக்கரையில சபை கூடுறோம்"னு சொல்லிட்டு மூக்காயி போயிட்டா. ஊரும் போயிடுச்சு. விசிறி ஆட்டுறவனும் போயிட்டான், நெய்ச்சோறு கொண்டாறவனும் போயிட்டான். வீரபாகு தனியா உக்காந்து, "என் கரும்புக்கு நாளைக்கே தண்ணி விடணும்"னு ஒரு சட்டம் போட்டான். செவத்துல இருந்த பல்லி "இச், இச்"னுச்சு. "ஊர்ல எருமையே இருக்கக் கூடாது"ன்னு இன்னொண்ணு போட்டான். பல்லி "இச்"சுன்னுச்சு. மூணாவதா ஒண்ணு போட வாயைத் தொறந்தான், அப்பப் பாத்துக் கரையிலேர்ந்து புளிச்சோத்து வாசம், தேங்காச்சோத்து வாசம், எலுமிச்சஞ்சோத்து வாசம் மூணும் சேந்து வந்துச்சு. கொஞ்ச நேரம் இங்கிட்டும் அங்கிட்டும் பாத்தான். யாரும் இல்லைன்னு தெரிஞ்சதும் எந்திரிச்சுட்டான்.

கரையில புதுசா ஏழு பேருக்கு மாலை விழுந்துச்சு, கடைமடைக்கு மூக்காயிக்கு. முதல் வேலையா தண்ணி முறையைத் திருப்பிப் போட்டாங்க, இனிமே மேல் மடையெல்லாம் அடைச்சு வச்சுக் கடைமடைக்கு முதல்ல பாயணும், அப்புறம்தான் ஒண்ணொண்ணா மேல் மடைக்கு முறை வரணும்னு. அதையும் சந்தையில சொல்லி, சனம் ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒரு சண்டையும் போட்டு, அப்புறம்தான் "கேட்டோம்"னாங்க. காஞ்ச வாய்க்கால்ல தண்ணி சருகைத் தள்ளிக்கிட்டு வந்தப்ப கடைமடைக் கிழவங்கெல்லாம் அதுல எறங்கி நின்னு அழுதாங்க. கட்டி வச்ச மூட்டையெல்லாம் அவுத்தாங்க. மூக்காயி குதிர்ல கையை விட்டு அந்த விதைநெல்லை வழிச்சு எடுத்து வெதைச்சா.

வீரபாகு மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு மூக்காயிகிட்ட வந்தான். "என் கரும்பு காயுது."

"உங்க முறை கடைசிங்க. வரும், நிச்சயமா வரும். அது வரைக்கும் கரையில நில்லுங்க"ன்னா. நின்னான். வெயில்ல நின்னான், மழையில நின்னான், கொசுக்கடியில நின்னான். அவன் முறை வந்தப்ப தண்ணியும் வந்துச்சு, அதுல ஒரு சொட்டுக் குறையல.

முடிஞ்சுதுன்னு எந்திரிக்காதே தேனு, இனிமேதான் இருக்கு. மறுவருசம் ஆடிப்பெருக்கு வந்துச்சு. மூக்காயி ஒரு வருசமா நல்லா வேலை பாத்தா. வாய்க்கா தூர் வாரியாச்சு, கரை கட்டியாச்சு. கடைமடையில ஒரு குளம் வெட்ட ஆரம்பிச்சு, அதுதான் பாதியில நிக்குது. அன்னைக்குக் காலையில மெத்தையில உக்காந்துக்கிட்டு வாசல்ல நின்ன சனத்தைப் பாத்து, "இந்தக் குளத்தை மட்டும் முடிச்சுடுறேனே. எனக்குத்தானே எல்லாம் தெரியும்? இன்னும் ஒரு வருசம் இருந்துட்டுப் போறேன். தமுக்கு அடிக்கச் சொல்லவா?"ன்னா.

சனத்துக்கு அவ மேல உசிரு. அவளாலதான் அவங்க அடுப்பு எரியுது. ஆனா ஒருத்தரும் வாயைத் தொறக்கல. அவ புருசன் தொறக்கல, பக்கத்து வீட்டுக்காரி தொறக்கல, வாய்க்கால்ல நின்னு அழுத கிழவங்களும் தொறக்கல. பாத்துக்கிட்டே நின்னாங்க.

மூக்காயிக்கு முதல்ல சுருக்குன்னு கோவம் வந்துச்சு. இத்தனை செஞ்சேனே, எனக்கேவான்னு நெனைச்சா. அப்படி நெனைச்சப்பவே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஐயோ, என் வாயிலேர்ந்தா இந்தப் பேச்சு வந்துச்சுன்னு. கையை ஊணி எந்திரிச்சா. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. மாலையைக் கழட்டி அடுத்து உக்காரப் போறவ கையில குடுத்துட்டு, "குளத்துக்குத் தெக்குக் கரை மண்ணு சரியும், பாத்து வெட்டு ஆத்தா"ன்னு சொல்லிட்டு எறங்கி வந்து சனத்தோட சனமா நின்னா.

குளம் முடிஞ்சுது. வேற ஒருத்திதான் முடிச்சா, மூக்காயி மண்ணு சுமந்தா.

அதனால கெட்டவன் எந்திரிச்சா மட்டும் பத்தாது, நல்லவங்களும் நாளு வந்தா எந்திரிக்கணும், நாமளும் வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடி காதைத் தொறக்கணும். வாய்க்கால்ல தண்ணி ஓடுச்சு, ஏழுமடையூர் சனம் வயிறார உண்டுச்சு, எனக்கு வாய் வலிக்குது, உங்களுக்குக் கண்ணு சொக்குது, போங்க, போயித் தூங்குங்க.